துண்டுக்குள் கேட்ட கேள்வி

8-2-1983, செவ்வாய்

இன்று வெளியூர் கால் இணைக்கும் டிரங்க் போர்டில் உட்கார்ந்துகொண்டு பெற்ற அப்பாவிடமே "யாருங்க பேசறது?" என்று கேட்டேன்.

புதன்சந்தையிலிருந்து கால். பேர்தான் புதன், மாட்டுச் சந்தை கூடுவது செவ்வாயில்; பின்னால் ஒரே இரைச்சல். நடுவே ஒரு கரகரப்பு. லைன் கெட்டுவிட்டது என்று பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன். அப்புறம்தான் "நாந்தான் சாமி" என்று வந்தது.

என் அப்பா, மாட்டுத் தரகர் சின்னுசாமி பேசினால் நாமக்கல் எக்ஸ்சேஞ்சுக்குத் தந்தி, கம்பி எதுவும் வேண்டாம் என்று இங்கே எல்லோரும் என்னைக் கேலி செய்வார்கள். அந்தத் தொண்டையா இது? தைப்பனி ஒத்துக்கொள்ளவில்லையாம். எப்போதிருந்து என்று கேட்டால், தீபாவளியிலிருந்தாம்! தீபாவளிக்கு ஏது தைப்பனி?

13-2-83

அப்பா அம்மா இருக்கும் தோட்டத்துக்குப் போனேன். அம்மா மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் கொடுத்துக் கொடுத்து அலுத்திருக்கிறாள். "நாப்பது வருசமா கத்துனாரு. இப்பத்தான் ஊடு அமைதியா இருக்குது" என்று சிரித்தாள். சிரித்தவள் உடனே எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். தண்ணீர் ஏற்கெனவே காட்டியாயிற்று, நான் பார்த்தேன்.

நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். அவர் வராவிட்டால் மாட்டைப் போல மூக்கணாங்கயிறு போட்டு இழுத்துப்போவேன் என்று சொல்லியாயிற்று.

18-2-83

உள்ளூர் டாக்டர் தொண்டைக்குள் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுச் சேலத்துக்கு எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் அப்பா வழியெல்லாம் வயல் மாடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். "அந்த மயிலைக்காளை பின்னங்கால் சரியில்லே" என்று என் காதில் கிசுகிசுத்தார். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சொல்ல வேண்டியது அது. சேலத்தில் பரிசோதனைக்குத் துளி சதை எடுத்திருக்கிறார்கள்.

25-2-83

புற்று.

எழுதிப் பார்த்தால் தைரியம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

அப்பாவை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, என்னையும் வெள்ளியங்கிரி மாமாவையும் சேலத்து டாக்டர் உள்ளே கூப்பிட்டார். மாமா அம்மாவின் தம்பி, சங்ககிரியில் லாரி வைத்திருக்கிறார். வீட்டில் எந்த நல்லது கெட்டதுக்கும் அவர் பேச்சுதான் கடைசி. டாக்டர் எதையும் ஒளிக்கவில்லை. நோய் குரல்வளையில், இன்னும் வேறெங்கும் போகவில்லை. குரல்வளையை எடுத்துவிட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் பிழைப்பார்கள். ஆனால் அப்புறம் பேச்சு கிடையாது. கழுத்தில் ஓட்டை வழியாகத்தான் மூச்சு.

"வேறு வழியே இல்லைங்களா?" என்றேன்.

"மெட்ராஸில் இதற்கென்றே ஆஸ்பத்திரி இருக்கிறதம்மா. கரண்டு, அதாவது கதிர் சிகிச்சை வைப்பார்கள். பத்தில் எட்டுப் பேருக்குக் குரலோடு குணமாகும். மற்ற இரண்டு பேருக்கு எப்படியும் கத்திதான். கரண்டு பட்ட இடத்தில் அறுத்தால் புண் ஆறுவது கஷ்டம். இங்கே என்னிடம் அந்த மெஷின் இல்லை. எதுவானாலும் சீக்கிரம் முடிவு பண்ணுங்கள்."

வெளியே வந்ததும் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்முணி, மச்சானுக்குத் தெரியக் கூடாது. சும்மா கட்டின்னு சொல்லிக்கலாம். அடுத்த வாரமே இங்கயே ஆபரேசனை முடிச்சிறலாம்." சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு நானும் தலையாட்டிவிட்டேன்.

ஒன்பதா, எட்டா? ஒன்று குறைச்சல். அந்த ஒருவர் என் அப்பாவாக இருந்துவிட்டால்?

26-2-83

இரவு டியூட்டி இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள்.

27-2-83

மெட்ராஸ் டிரங்க் போர்டில் ரெஜினா இருக்கிறாள். ஆறு வருஷமாக அவள் குரல் தெரியும், முகம் தெரியாது. லைன் சும்மா இருந்த நேரத்தில் அவளிடம் சொன்னேன். அழக் கூடாது என்றுதான் ஆரம்பித்தேன்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். ஆஸ்பத்திரிக்கே போன் போட்டுக் கேட்டிருக்கிறாள். சேலத்து ரிப்போர்ட்டோடு நேரே வரலாமாம். கரண்டு ஆறு வாரம், தினமும் சில நிமிஷம்தான். ஆஸ்பத்திரிப் பக்கத்தில் அவள் சித்தி வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறதாம். "வசந்தாமணி, நீ வர்றே. ஸ்டேஷன்ல நான் நிப்பேன்" என்றாள், கேள்வியே இல்லாமல்.

இதை மாமாவிடம் யார் சொல்வது?

1-3-83

சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"எங்க சம்பந்தி கரண்டு வெச்சுக்கிட்டு கழுத்தெல்லாம் கருகிப்போயில்ல ஊடு வந்து சேந்தாரு! மூணு மாசம் தாங்கல. மெட்ராஸ்ல யாரு இருக்கறாங்க நமக்கு? போன்ல பேசற பொம்பளைய நம்பிப் போறதா?" என்று மாமா பிடிபிடியென்று பிடித்துவிட்டார். அவர் சொல்வது தப்பென்றும் சொல்ல முடியவில்லை. சம்பந்தியை நானும் பார்த்தேனே. ஆனால் அவர் நோய் முற்றித்தானே போனார்?

என் வீட்டுக்காரர் லாரியில் கல்கத்தா லோடு போயிருக்கிறார். இருந்தாலும் "உங்கப்பா விஷயம், உன் இஷ்டம்" என்றுதான் சொல்வார். இந்த இஷ்டத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

2-3-83

தோட்டத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். மாமா, அம்மா, நான். கட்டில் ஓரத்தில் அப்பா.

மாமா சேலம் என்றார், நான் மெட்ராஸ் என்றேன். மாமா குரலை உயர்த்த, நானும் உயர்த்தினேன். "கட்டி", "சின்ன ஆபரேசன்" என்று சுற்றிச் சுற்றிப் பேசினோம். அப்பா இரண்டு தடவை வாயைத் திறந்தார். அந்தக் கரகரப்பு எங்கள் சத்தத்தை மீறி எழவில்லை. ஊரையே அடக்கிய குரல்! அப்போதாவது நான் பேச்சை நிறுத்தினேனா? இல்லை.

அப்பா தோள் துண்டை உதறினார். எழுந்து வந்து என் முன்னால் உட்கார்ந்தார். என் வலது கையை இழுத்துத் தன் கையோடு சேர்த்து, மேலே துண்டைப் போட்டார்.

சந்தையில் விலை பேசுவது இப்படித்தான். துண்டுக்குள் விரலைப் பிடித்துக் கேட்பது, விரலைப் பிடித்துச் சொல்வது. சுற்றி நிற்பவனுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். அங்கே பெண்பிள்ளை கை நுழைந்ததே கிடையாது. சின்னப் பிள்ளையில் நானும் அப்பாவும் முறுக்குக்கும் மிட்டாய்க்கும் இப்படி விலை பேசி விளையாடுவோம், அதுதான் என் படிப்பு. துண்டுக்குள் பொய் சொன்னவனுக்கு அடுத்த சந்தையில் யாரும் கை கொடுக்க மாட்டார்கள்.

"இதென்னுங்க மச்சான், அம்முணிகிட்ட மாடா வாங்கறீங்க?" என்று மாமா சிரித்தார்.

அப்பா என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து இரண்டு முறை அழுத்தினார். பத்து. பிறகு கையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

 பத்துப் பேரில் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று கேட்கிறார். அவருக்கு என்ன நோய் என்று தெரியும். எப்போதிருந்து தெரியும்? பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதேவா?

"சேலம்" என்றார், காற்று போல.

மாமாவைப் பார்த்தேன். அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்றதற்குத் தலையாட்டியவள்தானே நான்? ஆனால் கை துண்டுக்குள் இருக்கிறதே. ஐந்தைப் பிடித்தேன், நாலைப் பிடித்தேன். ஒன்பது.

அப்பா தன் தொண்டையை இடது கையால் தொட்டுக்காட்டினார். பேச்சு? என் விரல்களை மடக்கி மூடிய கையாக வைத்தேன். வியாபாரம் இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

"மெட்ராஸ்."

ஐந்து, மூன்று. எட்டு. தொண்டையைத் தொட்டார். இந்தத் தடவை கையை விரித்து வைத்தேன், பேச்சு உண்டு. அவர் கை கொஞ்ச நேரம் என் கைக்குள் அப்படியே இருந்தது. சூடாக, சொரசொரப்பாக. பிறகு என் கையை முழுதாகப் பிடித்து ஒரே குலுக்கு. துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார்.

"படிஞ்சிருச்சு மாப்ளே" என்றார் மாமாவிடம். "மெட்ராசு போறனுங்."

"அவ என்னத்தச் சொன்னா?" என்று மாமா பதறினார்.

"அது துண்டுக்குள்ள சொன்னது." அவ்வளவுதான். மாமா என்னை முறைத்தார். பிறகு, அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்று அவருக்கே புரிந்துவிட்டது போலிருக்கிறது. எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "டிக்கெட்டு நான் எடுத்துத் தாரேன். ரயில்ல கீழ் பெர்த்தா கேட்டு வாங்கோணும்" என்றார்.

6-3-83, மெட்ராஸ்

கூட்டத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று பயந்தேன். "நாமக்கல்!" என்று ஒரு குரல். திரும்பினால், இவ்வளவு குட்டையான பெண்ணா ரெஜினா! நான் நெட்டையாக ஒருத்தியைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். இரண்டு பேரும் சிரித்து முடிக்கும்வரை அப்பாவும் அம்மாவும் மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

10-3-83

கரண்டு ஆரம்பம். கழுத்தில் ஊதா மையால் கோடு போட்டிருக்கிறார்கள். முடியும்வரை பேசக் கூடாது என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். உள்ளே போய்ப் படுத்தவர் திரும்பி வந்து, ஒன்றுமே தெரியவில்லை என்று கையை விரித்தார்.

21-3-83

அம்மாவை என்ன செய்வது! சனிக்கிழமையன்று ஆண்பிள்ளை எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் இருப்பதா என்று சீயக்காய் போட்டுத் தேய்த்துவிட்டிருக்கிறாள். கழுத்துக் கோடு முழுக்கப் போச்சு. இன்று டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டு மறுபடி அளந்து போட்டார். "சீக்கு உள்ளார இருக்குது, கோட்டுல என்ன இருக்குது?" என்று அம்மா வாசலில் வந்து முணுமுணுத்தாள். அப்பா தோள் குலுங்கச் சிரித்தார். சத்தம்தான் வரவில்லை.

4-4-83

கழுத்து கறுத்துவிட்டது. தண்ணீர் விழுங்கவே கண்ணீர் வருகிறது, கம்பங்கூழை மோராகக் கரைத்து ஊற்றுகிறோம். அம்மா சம்பந்தியை நினைத்துக்கொண்டு அழுகிறாள். நான்தான் எட்டு என்று சொன்னேன். நான்தான். கடவுளே! ஒன்பதை விட்டுட்டு எட்டுக்கு ஏன் புடிச்சேன்?

டாக்டர், "இப்படித்தான் இருக்கும், இதைத் தாண்டணும்" என்கிறார்.

9-4-83

அம்மா துண்டு பாஷை கற்றுக்கொண்டுவிட்டாள். இன்று இட்லி எத்தனை என்று துண்டுக்குள் பேரம் நடந்தது. அப்பா ஒன்று என்றார், அம்மா நாலு என்றாள். இரண்டில் படிந்தது. இரண்டையும் சாப்பிட்டார்!

22-4-83

முடிந்தது. ஊருக்கு வந்துவிட்டோம். ரெஜினா ரயில் கிளம்பும்வரை ஜன்னலைப் பிடித்துக்கொண்டே நின்றாள். மாமா சேலத்தில் காரோடு நின்றார். அப்பாவின் கறுத்த கழுத்தைப் பார்த்தார். மூட்டையெல்லாம் அவரே தூக்கினார்.

17-6-83

மெட்ராஸில் கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். தொண்டை சுத்தமாக இருக்கிறதாம்! இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். பேசலாமா என்று அப்பா கையால் கேட்டார். மெதுவாக, கொஞ்சமாக என்றார் டாக்டர். கொஞ்சம் என்றால் என்னவென்று அப்பாவுக்கு என்றைக்குத் தெரிந்தது?

19-8-83

இரண்டாம் தடவையும் சுத்தம். அம்மா மூணு வேளையும் திட்டு வாங்குகிறாளாம். சந்தோஷமாகச் சொல்கிறாள்.

23-8-83, செவ்வாய்

போர்டில் புதன்சந்தை விளக்கு எரிந்தது. பிளக்கைச் சொருகி, "நாமக்கல் எக்ஸ்சேஞ்ச்" என்றேன்.

"என்ன சாமி, சத்தமாப் பேசு, இங்க ஒண்ணும் கேக்கல!"

பழைய குரல் இல்லை. ஓரத்தில் ஒரு சொரசொரப்பு இருக்கிறது, இனி அது போகாது என்றார்கள். ஆனால் பக்கத்து சீட்டுக்காரி தன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பேச்சு முழுக்க ஒரு கிடாரிக் கன்று. சுழி எங்கே, நடை எப்படி, வெள்ளியங்கிரி மாப்பிள்ளைக்குத்தான் பிடித்துக் கொடுக்கப் போகிறார், அந்த ஆளுக்கு லாரியைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது. எனக்குக் கண் மறைத்தது. இருந்தாலும் டியூட்டி டியூட்டிதானே, டிரங்க் காலுக்கு மூணு நிமிஷத்துக்கு ஒரு கட்டணம்.

"மூணு நிமிஷம் ஆச்சுங்க" என்றேன், எல்லோரிடமும் சொல்வது போல.

"இன்னொரு மூணு நிமிசம் போடு சாமி" என்றார் அப்பா.