நான் திருத்திய தாள்கள்

அன்பு மகளுக்கு,

இங்கே பனி இன்னும் உருகவில்லை. பேட்டரி தொழிற்சாலை நம் ஊருக்கு வரப்போவதில்லை. வேலைக்கு மனுப் போட்ட நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்குத் தேர்வு வைத்தார்கள். அறுபது பேரில் நான்கு பேர்தான் தேறினார்கள். அதனால் தொழிற்சாலை ஸ்வீடனை விட்டே போலந்துக்குப் போகிறது.

அந்த நால்வரில் உன் தம்பி ஆர்விட் இல்லை. வியாழக்கிழமை பட்டாணி சூப்பின் முன்னால் உட்கார்ந்து, "ஸ்கூல்ல எனக்கு ஏ கிரேடு போட்டது நீங்கதானேப்பா?" என்று கேட்டான்.

"சூப் ஆறுது, சாப்பிடு" என்றேன்.

உனக்கே தெரியும், எங்கள் மாணவர்களின் தேசியத் தேர்வுத் தாள்களை ஆசிரியர்கள் நாங்களேதான் திருத்துகிறோம். வருடா வருடம் தலைமையாசிரியை என் மேஜைக்கு வருவார். "கொஞ்சம் தாராளமா போடுங்க சார். கிரேடு குறைஞ்சா புள்ளைங்க எதிர் ஸ்கூலுக்குப் போயிடும். அப்புறம் நீங்களும் நானும் வீட்ல உக்கார வேண்டியதுதான்" என்பார். நானும் போட்டேன், பதினேழு வருடம்.

லுண்ட் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிப்பை விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறாய். முதல் மாதத்திலிருந்தே ஒன்றும் புரியவில்லை, "என் மண்டையிலதான் ஏதோ கோளாறுப்பா" என்கிறாய்.

உன் மண்டையில் ஒரு கோளாறும் இல்லை. உன் தாளையும் நான்தான் திருத்தினேன்.

உன் அப்பாவும்,
உன் கணக்கு வாத்தியாரும்