மாமாவின் பொலிஸ் ரவை

ஒக்ரோபர் 4, சனி

தம்பிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆகவே இந்தக் கொப்பி தமிழில். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பால் எனக்குக் கிடைத்த ஒரே பாதுகாப்பு.

காலையில் அவனுடைய ஷாம்பூ மூடிக்கு உள்ளே பிளாஸ்ரிக் தாள் ஒட்டிவிட்டேன். கத்தினான். ஏச்சு வாங்கினேன். நல்ல நாள்.

பின்னேரம் மாக்கஸ் மாமா (அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருக்கிறார்) ஒரு பையோடு வந்தார். நவம்பரில் வேலையிடத்து ஆட்களோடு மான் வேட்டை. பைக்குள் துவக்கு ரவை, இரண்டு பெட்டி. மேலே ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் பொலிஸ் பாவனைக்கு என்று இருந்தது.

"மாமா, எப்ப பொலிசிலை சேர்ந்தனீங்கள்?"

"உது சும்மா பெட்டியிலை போடுறது. லைசன்ஸைக் காட்டினன், தந்தாங்கள். சுடேக்கை தோளிலை இடிக்கிறது குறைவாம். என்ரை தோள் மூட்டு தெரியும்தானே."

பொலிசுக்கு என்றால் மாமா வாங்கின, தூண்டில் விற்கிற கடையில் ஏன் கிடக்கிறது? மாமாவுக்கு என்றால் பொலிஸ் என்று ஏன் எழுதுகிறார்கள்? என் சப்பாத்துப் பெட்டியிலும் ஓட்டக்காரி படம் இருக்கிறதுதான். நான் பஸ்ஸுக்குக்கூட ஓடுவதில்லை. ஆனால் சப்பாத்தால் மான் சாகாது.

ஒக்ரோபர் 5, ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் பெட்டியின் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். "மாக்கஸ் மாமா இரகசியப் பொலிஸ். துவக்கு வந்திட்டுது, இனி விசாரணையைத் துவக்குவார்." கிளடிஸ் அன்ரி உடனே எழுதினா: "ரவை மிஞ்சினால் அனுப்பு, உப்புமா கிண்ட."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் பார்த்திருக்கிறா. ஒன்றும் போடவில்லை.

ஒக்ரோபர் 6

அம்மா சாப்பிடவில்லை. இரவு எழும்பி எழும்பிக் கதவுச் சங்கிலியை இழுத்துப் பார்த்தா.

ஒக்ரோபர் 8, புதன்

பெட்டி ஒன்றைக் காணவில்லை. துவக்கு அதன் பூட்டில் பத்திரமாக இருக்கிறது. ரவை வைத்த அலுமாரியில்தான் ஒன்று குறைகிறது.

"எடி ஜெனாட், விளையாட்டை விடு. எங்கை ஒளிச்சனி?" என்றார் மாமா.

நான் இல்லை. முதல் தடவையாக உண்மையிலேயே நான் இல்லை. யார் நம்புவார்கள்?

ஒக்ரோபர் 9, வியாழன்

கதவைச் சாத்திவிட்டு எழுதுகிறேன்.

பள்ளியால் வர லிப்ற்றுக்குள் அறிவித்தல்: குப்பைக் குழாய் வந்து விழும் அறையில் வெடிக்காத ரவைகள் கண்டெடுக்கப்பட்டன. குப்பையை நசுக்கும் மெசினுக்குள் போக முன்னர் கட்டட மேற்பார்வையாளர் கண்டுவிட்டார். வறுத்த அரிசிமாப் பைக்குள், தமிழ்ப் பேப்பரில் சுற்றி, பெட்டியோடு கிடந்ததாம். எங்கள் கட்டடத்தில் தமிழ் வீடுகள் கனக்க இல்லை.

பொலிசார் இரண்டு பேர் கதவைத் தட்டினார்கள். கேள்வி முடிய முதலே மாமா சொன்னார், தான்தான் எறிந்தது என்று. துவக்கு, மற்றப் பெட்டி, லைசன்ஸ் எல்லாம் கொண்டுபோய்விட்டார்கள். வழக்குப் போடுவதா இல்லையா என்று பிறகு சொல்வார்களாம். வழக்கு என்றால் மாமாவின் குடியுரிமை விண்ணப்பம் அப்படியே நின்றுவிடும். எத்தனை வருடமாகக் காத்திருக்கிறார் மனுசன்.

வாசலில் வைத்து ஒரு பொலிஸ்காரரிடம் கேட்டேன், அது உங்களுடைய ரவையா என்று. இல்லையாம், அவர்களுக்கு வேறு கொடுக்கிறார்களாம். லைசன்ஸ் உள்ள யாரும் இதை வாங்கலாம், வாங்கியதில் பிழையே இல்லை, எறிந்ததுதான் பிழை என்றார்.

பொலிஸ் என்று எழுதியது பொலிசுடையது இல்லை. வைத்திருந்தால் பிழையில்லை, வேண்டாம் என்று எறிந்தால் பிழை. எனக்கு மட்டும்தான் தலை சுற்றுகிறதா?

ஒக்ரோபர் 10

ஒன்று யோசித்தேன். எங்கள் வீட்டில் அரிசிமா எந்த அலுமாரித் தட்டில் இருக்கிறது என்று மாமாவுக்குத் தெரியவே தெரியாது.

அம்மாவிடம் கேட்டேன். குசினி அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றா.

"நீ போட்ட படத்திலை பொலிஸ் எண்டு கண்டன். பொலிசின்ரை சாமான் எங்கடை வீட்டிலை. களவெடுத்ததெண்டுதானே நினைப்பாங்கள்? ஒவ்வொரு பெட்டியா எறிவமெண்டு தொடங்கினன்." அடுப்பைக் குறைத்தா. "ஊரிலை அல்பேட் அண்ணை வயலுக்கை கிடந்த வெறும் ரவைக் கோது ஒண்டைத் திறப்புக் கொத்திலை கோத்து வைச்சிருந்தவர். ஆமிச் சோதனைச் சாவடியிலை கண்டிட்டாங்கள். அண்டைக்குப் போனவர்தான். வெறும் கோதடி."

அல்பேட் பெரிய மாமாவை எனக்குச் சுவரில் உள்ள படத்தில்தான் தெரியும். எப்படிப் போனார் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

"ஏனம்மா தமிழ்ப் பேப்பரிலை சுத்தினீங்கள்?"

"அவங்களுக்கு வாசிக்கத் தெரியாதுதானே."

சிரிப்பு வரவேண்டிய இடம். இந்தக் கொப்பியைப் பார்த்தேன். வரவில்லை.

ஒக்ரோபர் 12

அம்மாவும் மாமாவும் கதவைச் சாத்திவிட்டுச் சண்டை. எல்லாம் கேட்டது.

"நான் போய்ச் சொல்லப்போறன், மாக்கஸ்."

"சும்மா இரக்கா. யூனிபோமைக் கண்டாலே றோட்டு மாறிப் போறனி. நீ போய் என்னத்தைச் சொல்லப்போறாய்?"

"உன்ரை குடியுரிமைப் பேப்பர் நிக்கப்போகுதடா."

"நிண்டால் நிக்கட்டும்."

நான் படத்தை அழித்தேன். அழித்ததாக வாட்ஸ்அப் எல்லோருக்கும் காட்டுகிறது. அம்மாவைப் போல நானும் குப்பைக் குழாய்க்குள்தான் போட்டிருக்கிறேன், எறிந்தது எல்லோருக்கும் தெரிகிற மாதிரி.

ஒக்ரோபர் 16, வியாழன்

அம்மா கோயிலுக்குப் போகிற கோட்டைப் போட்டுக்கொண்டு "வா" என்றா. பள்ளி இருக்கு என்றேன். "மொழிபெயர்க்க ஆள் வேணும்."

பொலிஸ் நிலையத்துக் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. அம்மா உள்ளே போகவில்லை. கதவு மூடியது. திரும்பத் திறந்தது. மூன்றாம் முறை என் கையைப் பிடித்தா. வலித்தது.

சொன்னா. எல்லாம் சொன்னா. சாவடிக் கதையை மொழிபெயர்க்க எனக்கு ஆங்கிலம் போதவில்லை. எனக்கா? வாய் மூடாத எனக்கா? கடைசியில், படம் போட்டது நான் என்று என் பங்குக்கும் சொன்னேன்.

பொலிஸ்காரர் எழுதுவதை நிறுத்தினார். வேண்டாத ரவை இருந்தால் தொலைபேசியில் சொன்னால் போதும், தாங்களே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போவோம் என்றார்.

அம்மா என்னை இடித்தா. "நக்கலடிக்கிறானோ எண்டு கேள்."

"இல்லையம்மா. உண்மையாத்தான்."

"பொலிசைக் கூப்பிட்டு, என்னட்டை ரவை இருக்கு எண்டு சொல்லுறதோ?"

"ஓம்."

பஸ்ஸில் வரும்போது தனக்குள்ளே இரண்டு தரம் "ஓமாம்" என்றா.

ஒக்ரோபர் 29

வழக்கு இல்லை. இருவருக்கும் எச்சரிக்கை. மாமாவின் விண்ணப்பத்துக்கு ஒன்றும் ஆகாது. துவக்கும் லைசன்ஸும் திரும்பி வந்தன. கூடவே பொலிஸ் என்று எழுதிய மற்றப் பெட்டியையும் பொலிசாரே தந்துவிட்டார்கள். இதை நான் கற்பனை செய்து சொல்லியிருந்தால் ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

மாமா மான் படம் போட்ட வேறு பெட்டி வாங்கிவந்தார். தோளில் நல்லாக இடிக்குமாம். "பரவாயில்லை, கொம்மா நித்திரை கொள்ளட்டும்." பொலிஸ் பெட்டிக்குள்ளும் ஈயம், மான் பெட்டிக்குள்ளும் ஈயம். எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நவம்பர் 1, சனி

அம்மா தானே தொலைபேசி எடுத்தா. நான் பக்கத்தில் நின்றேன். கையால் என்னைத் தள்ளிவிட்டா. துண்டு துண்டான ஆங்கிலத்தில் பெயர், விலாசம், ரவை எல்லாம் சொன்னா.

மத்தியானம் ஒரு பொலிஸ்காரி வந்து அந்தப் பொலிஸ் பெட்டியை வாங்கினா. தேத்தண்ணி வேண்டாம் என்றா. அம்மா விடவில்லை. நின்றபடியே பாதி குடித்தா.

எங்கள் வீட்டுக்கு யார் வந்து போனாலும், முதுகு திரும்ப முதல் அம்மா கதவுக்குச் சங்கிலி போட்டுவிடுவா. பாதிரியார் வந்தாலும் அப்படித்தான். இன்றைக்கு அந்தப் பொலிஸ்காரி லிப்ற்றில் ஏறும்வரை அம்மா வாசலில் நின்றா. பிறகு வெங்காயம் வெட்டப் போய்விட்டா.

கதவுச் சங்கிலி போடாமல் தொங்கிக்கொண்டிருந்தது.