விஜிலா வகுப்பு தைத்த கையுறை

தூத்துக்குடி
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகள் முருகேஸ்வரிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, கடை, என் முட்டுவலி எல்லோரும் சௌக்கியம், முட்டுவலி மட்டும் எங்களைவிடக் கொஞ்சம் கூடுதல் சௌக்கியம். லடாக்கில் நீயும் உன் சுரங்கப்பாதையும் சுகமாக இருக்கத் திருச்செந்தூரான் துணை நிற்கட்டும். போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்தால் பாதி நேரம் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், மீதி நேரம் உன் மலை சிக்னலைப் பிடுங்கிக்கொள்கிறது. அதோடு இந்தப் பார்சலில் ஒரு ஜோடி கையுறை இருக்கிறது. அதற்கு விளக்கம் எழுதும் பொறுப்பை உன்னோடு படித்த விஜிலா என்னிடம் கொடுத்திருக்கிறாள். பத்தாவது அறிவியலில் கோட்டை விட்டவனை நம்பிக் கொடுத்தாள் பார், அவளுக்கு மனசு பெரிசு.

அவள் இப்போது எட்டாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர் என்பது உனக்குத் தெரியும். வெப்பம் பற்றிய பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எங்கே ஏறும், மார்கழியிலும் ஃபேன் போட்டுத் தூங்குகிற கூட்டம். அதனால் மைனஸ் இருபதில் வேலை பார்க்கிற ஒரு ஆளுக்குக் கையுறை தயாரியுங்கள், அதில்தான் இந்தப் பாடம் என்று சொல்லிவிட்டாளாம். அந்த ஆள் நீதான். போன மாதம் கேள்விகள் அனுப்பினார்களே, எந்த விரல் முதலில் மரத்துப்போகும், கையுறையோடு என்னென்ன வேலை செய்ய முடியவில்லை என்றெல்லாம். அதற்கு நீ ஒரே வரியில் பதில் போட்டாய், கம்பெனிக் கையுறை நன்றாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்று. அதை வகுப்பில் வாசித்ததும் ஒரு பையன் எழுந்து, "அப்ப அந்த அக்காவுக்குக் கையுறையே வேண்டாமே டீச்சர், நாம குல்லா தைப்போம்" என்றானாம். விஜிலா என்னிடம் வந்து, "பள்ளிக்கூடத்துலயும் இவ இப்படித்தான் அங்கிள், காய்ச்சல் கொதிக்கும், ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு முத பெஞ்சுல உக்காந்திருப்பா" என்று கோபப்பட்டாள். நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

சரியான பதில் இல்லாமலே பிள்ளைகள் தைத்தார்கள். துறைமுகத்து ஆட்களுக்கு இருபது வருஷமாகக் கையுறையும் முழங்கால் உயரக் கம்பூட்டும் விற்கிறவன் என்ற கௌரவத்தில் நானே துணி கொடுத்தேன், யோசனையும் கொடுத்தேன், யோசனைக்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. உள்ளே பருத்தி, நடுவில் பஞ்சு, மேலே நம் கடை ரப்பர் கையுறை, காற்றே புகாது என்று சொன்னேன். அதைச் சோதித்துப் பார்க்க இந்த ஊரில் குளிருக்கு எங்கே போவது? மீன் கம்பெனி சூப்பர்வைசர் பிரைட்டனைக் கேட்டோம். இறாலும் கணவாயும் உறைய வைக்கிற குளிர் அறை மைனஸ் பதினெட்டில் இருக்கும், பிள்ளைகளை உள்ளே விட முடியாது, பெரிய ஆள் ஒருவர் போகலாம் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தொப்பை இருக்கிறவருக்குக் குளிராது என்று அம்மாவும் சிபாரிசு செய்தாள்.

பிரைட்டன் சாவியோடு வரும்வரை வாசலில் நின்றோம். நான் சும்மா நிற்காமல் இரண்டு கையிலும் கையுறையை மாட்டிக்கொண்டு உச்சி வெயிலில் விதவிதமாகப் போட்டோ எடுக்கச் சொன்னேன், கடைக்கு விளம்பரமாகுமே என்று. பிறகு கம்பெனிக் கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். கையுறைக்குள் ஒரு வெப்பமானியின் ஒயரைச் செருகி, அதன் பெட்டியை என் தோளில் கட்டியிருந்தார்கள். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் விரல் என்னுடையதா இறாலுடையதா என்று தெரியவில்லை. வெளியே வந்தால் அத்தனை முகமும் என் வாயையே பார்க்கிறது. பிள்ளைகள் விரலில் ஊசி குத்திக்குத்தித் தைத்தது, எப்படி மனசு வரும், "ஜம்முன்னு இருக்கு மக்கா, முதல் தரச் சரக்கு" என்று சொல்லிவிட்டேன். ரேச்சல் என்று ஒரு சின்னப் பெண், என் தோளில் இருந்த பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அண்ணாச்சி, கடைல பேசுத மாதிரி இங்கன பேசாதீங்க. கையுறைக்குள்ள பதினாலு டிகிரிதான் காட்டுது. நீங்க நல்லாருக்குன்னா நாங்க இதையே அந்த அக்காவுக்கு அனுப்பிருவோம்லா" என்றாள். கல்லாவில் உட்கார்ந்த நாளிலிருந்து வாங்காத அடியை அன்றைக்கு வாங்கினேன். சரக்கைக் குறை சொல்லி எனக்குப் பழக்கமே இல்லையே.

கையுறையைக் கழற்றினால் உள்ளே தொப்பலாக ஈரம். வெயிலில் நின்று போஸ் கொடுத்த வேர்வை. ரப்பர் அதை வெளியே விடவில்லை, பருத்தி குடித்துக்கொண்டது, ஈரத்துணி கையின் சூட்டை உறிஞ்சிவிட்டது. விஜிலாவுக்கு ஒரே சந்தோஷம், இதைத்தான் சொல்லிக்கொடுக்க நினைத்தேன், அங்கிள் வேர்வையிலேயே நடத்திக் காட்டிவிட்டார் என்றாள். என் வேர்வையாவது எட்டாம் வகுப்பு பாஸாகட்டும். அப்புறம் பருத்தியை எடுத்துவிட்டுக் கம்பளி வைத்தார்கள், ரப்பரை எடுத்துவிட்டுக் காற்றை மட்டும் தடுக்கிற துணி போட்டார்கள், விரல்கள் தனித்தனியாக இருந்தால் சீக்கிரம் குளிர்கிறது என்று நாலு விரலையும் ஒரே பையில் சேர்த்தார்கள். இரண்டாம் தடவை கையைக் காயவைத்துவிட்டுப் போனேன், கதகதப்பாகத்தான் இருந்தது. இது கடைப் பேச்சு இல்லை, பெட்டியும் அதைத்தான் சொன்னது.

அதோடு முடிந்திருந்தால் பார்சலை அனுப்பிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். துணி வெட்டக் கடைக்கு வந்த ரேச்சல், கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிற உன் படத்தைப் பார்த்தாள், பனிக்கு நடுவே அளவு எடுக்கிற கருவிக்குப் பின்னால் நீ சிரித்துக்கொண்டு நிற்கிறாயே, அதுதான். "அண்ணாச்சி, அக்கா கையுறை போடவேயில்லையே" என்றாள். பார்த்தால் கையுறை இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெறும் விரலால் கருவியின் சின்னத் திருகைத் திருப்பிக்கொண்டிருக்கிறாய். வருகிற வாடிக்கையாளருக்கெல்லாம் என் மகள் என்று அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறேன், என் கண்ணில் படவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை, "வீடியோல பேசும்போது கையக் காட்டவே மாட்டேங்கா, நானும் ரொம்ப நாளா பாக்கேன். சாயா கிளாஸ ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வச்சுதான் தூக்குதா" என்றாள். அத்தனை நாள் மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள்.

தடிமனான கையுறையோடு திருகைத் திருப்ப முடியாது, அதனால் கழற்றுகிறாய், இரும்பைத் தொடுகிறாய், விரல் மரக்கிறது, அதை யாரிடமும் சொல்வதில்லை. தப்பாக இருந்தால் திட்டு. பிள்ளைகள் இதை வைத்துப் புதிதாகத் தைத்ததுதான் பார்சலில் இருப்பது. உள்ளே மெல்லிசாகக் கம்பளி, வெளியே பை, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டும் வெளியே வர ஒரு மூடி. ஒரு வாரம் போட்டுப் பார். பிறகு அவர்களுக்கு எழுது, எந்த விரல் மரக்கிறது, எவ்வளவு நேரத்தில், நிறம் மாறுகிறதா, இதில் திருகு பிடிபடுகிறதா இல்லையா. என்னிடமும் அம்மாவிடமும் நீ எவ்வளவு வேண்டுமானாலும் நல்லாருக்கேன் என்று சொல்லு, எங்களுக்குக் கேட்டுக் கேட்டுப் பழக்கம். அந்தப் பிள்ளைகளிடம் சொல்லாதே. நீ சொல்வதை வைத்துத்தான் அவர்கள் துணி வெட்டுகிறார்கள்.

மரத்துப்போன கையை ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே, தேய்க்கவும் செய்யாதே, வெதுவெதுப்பான தண்ணீரில் வை என்று விஜிலா சொல்லச் சொன்னாள். முகாமில் டாக்டர் வரும் நாளில் கட்டாயம் காட்டு. கருப்பட்டி தனிப் பொட்டலத்தில் இருக்கிறது. தை மாதம் உடன்குடியில் பெரியப்பா வீட்டுக் கல்யாணம், லீவு கேட்டுப் பார்.

நீ நீண்ட ஆயுளோடும் பத்து விரல் பலத்தோடும் இருக்க அம்மாவும் நானும் கும்பிட்டுக்கொள்கிறோம். பிள்ளைகளுக்கான பதிலை மறந்துவிடாதே. பேனா பிடிக்கச் சிரமமாக இருந்தால் வாயால் பேசி அனுப்பு, அதிலேயே அவர்களுக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

உன் அப்பா
செந்தூர்பாண்டி