அக்கா விட்டுப்போன உப்புத் தண்ணீர்

மார்ச் 3, ஞாயிறு

தொட்டியின் விளிம்பில் மறுபடியும் உப்பு பூத்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். நாளைக்கும் பூக்கும்.

அடுப்பைப் பழுது பார்க்க வந்தவர் கூடத்தில் நின்று தொட்டியையே பார்த்தார். தண்ணீர் இருக்கிறது, கல் இருக்கிறது, விளக்கு எரிகிறது, மோட்டார் ஓடுகிறது.

"மீன் எங்கம்மா?"

"ஊருக்குப் போயிருக்கு."

அவர் சிரிக்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்துக் காட்டிவிட்டு அவசரமாகக் கிளம்பிவிட்டார்.

போனது மீன் இல்லை, அக்கா. கடல் மீன் வளர்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசைதான். தொட்டியை வாங்கினாள், உப்பைக் கலந்தாள், கடல் கற்களை அடுக்கினாள். "தண்ணி பக்குவமாகட்டும், அப்புறம் ரெண்டு கோமாளி மீன் விடலாம்" என்றாள். தண்ணீர் பக்குவமாவதற்குள் கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விட்டாள். ஐம்பத்து நாலு வயதில். அம்மா அப்பா போனதிலிருந்து நாங்கள் இருவர் மட்டுமே இருந்த வீட்டிலிருந்து. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்புதான் என்னிடம் சொன்னாள்.

மீனே இல்லாத தொட்டிக்கு நான் ஏன் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்?

மார்ச் 6, புதன்

அக்கா கூப்பிட்டாள். எடுக்கவில்லை. பிறகு, ஏன் ஒரே ஒரு தடவை அடித்துவிட்டு விட்டுவிட்டாள் என்று கோபம்.

மார்ச் 7, வியாழன்

பல் லேபில் நான் செய்து அனுப்பிய மேல்வரிசைப் பல் செட் திரும்பி வந்துவிட்டது. போட்டுக்கொண்டு பேசினால் விசில் அடிக்கிறதாம். அந்த மனிதர் ஒரு வங்கியில் மேலாளர். "சார்" என்று யாரையாவது கூப்பிட்டால் எதிரே இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்களாம். முன்பல்லுக்குப் பின்னால் கொஞ்சம் இழைத்துச் சரிசெய்தேன்.

இதை அக்காவிடம் சொல்லியிருப்பேன். அவள் அந்த மேலாளர் மாதிரியே பேசிக் காட்டியிருப்பாள். வழியெல்லாம் அந்தக் கதையை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டே வந்தேன். கதவைத் திறந்த பிறகுதான், சொல்ல ஆள் இல்லை என்பது ஞாபகம் வந்தது. இன்னும் பழகவில்லை.

மார்ச் 9, சனி

தொட்டியைக் கொடுத்துவிடுவது என்று முடிவு. வண்ணமீன் கடைக்குப் போனேன். கடைக்காரிக்கு என் வயதுதான் இருக்கும். முழங்கை வரை ஈரம். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் தேடிக்கொண்டிருந்தாள்.

"தலையில இருக்குங்க" என்றேன்.

"அட, ஆமா. சொல்லுங்க."

தொட்டியை எடுத்துக்கொள்வாளா என்று கேட்டேன். "தண்ணி கொண்டாந்தீங்களா? ஒரு பாட்டில்ல பிடிச்சுக் கொண்டாங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

தொட்டியைக் கொடுக்கத் தண்ணீர் எதற்கு? கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

நாள் முழுக்க யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் பால்காரரிடம் "போதும்" என்றபோது தொண்டை கரகரத்தது.

மத்தியானம் லிஃப்டுக்காகக் காத்திருந்தபோது பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் இந்த லிஃப்டால் வந்த வினை. அக்கா இதில் மாட்டிக்கொண்டாள். பழுது பார்க்க வந்தவர், அவள் பயப்படக்கூடாதே என்று கதவுக்கு அந்தப் பக்கம் நின்று முக்கால் மணி நேரம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். முகம் பார்க்காமலே இவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. அப்புறம் அவருக்கு வேறு ஊரில் வேலை, இவளும் பின்னாடியே. முக்கால் மணி நேரம் பேசினவர் பெருசாப் போயிட்டாரு. இத்தனை வருஷமா கூடவே கிடந்த நான் யாரு? கேட்டியா என்னை ஒரு வார்த்தை? கேட்டியா?

போதும். தூங்கு.

மார்ச் 16, சனி

தண்ணீரைக் கொண்டுபோனேன். கடைக்காரி சின்னக் குழாயில் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, வந்த நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டாள். நான் பல்லின் நிறத்தை அட்டை வைத்துப் பார்க்கிற மாதிரியேதான். எட்டிப் பார்த்து, "அந்த ரெண்டாவது கட்டம்தான்" என்றேன்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு உங்களுக்கு. பக்குவமான தண்ணி இது. இதைப் போய்ச் சாக்கடைல கொட்டப் போறீங்களா? யாரு பார்த்துக்கிட்டது?"

"நான்தான். வத்தற அளவுக்கு நல்ல தண்ணி ஊத்துவேன். அக்கா சொல்லிட்டுப் போனா."

"வேண்டாத தொட்டிக்கா இவ்வளவு பாடு?"

பக்கத்துத் தொட்டியைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். அதில்தான் இருந்தன கோமாளி மீன்கள். விரல் நுனி அளவுதான் ஒவ்வொன்றும். ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை. எல்லாம் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தவையாம், கடலிலிருந்து பிடித்தவை சீக்கிரம் சீக்கு வந்து போய்விடுமாம்.

"குடிச்ச மாதிரி ஆடுதே?"

"அது நடையே அப்படித்தான். ஆட்டத்தைப் பார்க்காதீங்க, மூச்சைப் பாருங்க."

ஒன்று மட்டும் கூட்டத்தில் சேராமல் மூலையில், கண்ணாடியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது. இரை போட்டபோதும் திரும்பவில்லை. "அதைக் கொடுங்க" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. வாங்க வந்தவளே இல்லை நான்.

"அதைத் தர மாட்டேன். செவுளு எப்படி அடிச்சுக்குது பாருங்க. பாவம் பார்த்து மீன் வாங்காதீங்க. நம்ம கண்ணு முன்னாடி ஓடிவந்து திங்கணும், அதைத்தான் வாங்கணும்."

வெறுங்கையோடு வந்தேன். அந்த மூலை மீன் ஞாபகமாகவே இருக்கிறது.

மார்ச் 19, செவ்வாய்

மீன் வாங்கலாமா என்று பார்ப்பதாக லேபில் பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னேன். "பொரிக்கவா?" என்றார்.

மார்ச் 23, சனி

மூலையில் அது இல்லை. நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள், "புதன்கிழமை போயிடுச்சு."

ரொம்ப நேரம் நின்றேன். கடைக்காரி ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். இரை போடச் சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றையும் முந்திக்கொண்டு வந்தது ஒன்று. நடுப்பட்டை ஒரு பக்கம் அகலமாக, அச்சுப் பிசகியதுபோல் இருந்தது. துடுப்பு விரிந்திருக்கிறது, தோலில் வெள்ளைப் படலம் இல்லை, மூச்சு நிதானம். "இது."

"ஜோடியா எடுத்துக்கறீங்களா?"

"ஒண்ணு போதும்." பிறகு தயங்கித்தான் கேட்டேன். "ஒத்தையா இருந்தா ஏங்கிடுமோ?"

"வேளாவேளைக்குத் தின்னுட்டு நல்லாத்தான் இருக்கும். ஏங்கறதெல்லாம் நாமதாங்க."

பையை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தேன். கடைத் தண்ணீரில் எங்கள் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து பழக்கிய பிறகுதான் விட வேண்டுமாம். பக்கத்தில் உட்கார்ந்து சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். விட்டதும் கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. இரை போட்டேன். வரவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

தின்றது.

ஏப்ரல் 2, செவ்வாய்

சாவி போடும் சத்தம் கேட்டால் முன்கண்ணாடிக்கு வந்துவிடுகிறது. பசிதான், வேறொன்றுமில்லை. இருந்தாலும் செருப்பைக் கழற்றும் முன்பே இரை டப்பாவை எடுத்துவிடுகிறேன். விசில் மேலாளர் கதையை இன்று அதனிடம் சொன்னேன். ஆடிக்கொண்டே கேட்டது.

ஏப்ரல் 18, வியாழன்

அக்காவிடமிருந்து செய்தி. "சனிக்கிழமை வரேன் பொடிசு. நான் மட்டும்தான்."

நாற்பத்தேழு வயதிலும் நான் பொடிசுதான் அவளுக்கு.

நான் மட்டும்தான். அப்படியென்றால்? அவள் கட்டிலுக்கு வெள்ளை விரிப்பு போட்டேன். அவள் அலமாரியில் அடைத்து வைத்திருந்த என் துணிகளை எடுத்துவிட்டேன். மனசு துள்ளுகிறது. ஒரு குடும்பம் உடைந்தால் இப்படித் துள்ளலாமா?

ஏப்ரல் 20, சனி

பெரிய பையோடு வந்தாள். இளைத்திருக்கிறாள். மீனைப் பார்த்ததும், "அடிப்பாவி, வாங்கிட்டியா!" என்று செருப்போடு ஓடினாள். பிறகு மெதுவாக, "நாம சேர்ந்து வாங்கறதா இருந்தோம்ல" என்றாள்.

"நீ இருந்திருந்தா வாங்கியிருக்கலாம்."

சாப்பிடும்போதுதான் சொன்னாள். "அவர் பேசவே மாட்டேங்கறார்டி. லிஃப்ட்ல அவ்வளவு நேரம் பேசின மனுஷன், வீட்ல வாயத் திறக்க மாட்டேங்கறார். கேட்டா 'ம்'. சாப்பாடு எப்படின்னா 'ம்'. சுவரோட குடித்தனம் பண்ற மாதிரி இருக்கு." புதன்கிழமை சண்டையாம். சண்டையையும் அவளே தனியாகப் போட்டிருக்கிறாள்.

சமாதானம் சொல்லியிருக்க வேண்டும். "பின்ன, தெரியாத ஆளு" என்றேன். நெருப்பில் எண்ணெய்.

சாயங்காலம் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு ஒரு மீன் வேண்டும். "இருக்கறதைவிடச் சின்னதா எடுங்க, ஒரே அளவுன்னா அடிச்சுக்கும்" என்று கடைக்காரி தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். அக்கா கேட்பாளா? "இது என்னையே பார்க்குது" என்று ஏறக்குறைய அதே அளவில் ஒன்றை எடுத்துவிட்டாள். நானும் தடுக்கவில்லை. இரண்டு பேரும் ஒரு கடையில் நின்று கிட்டத்தட்ட நாலு மாதமாகிறது.

ஏப்ரல் 21, ஞாயிறு

காலையில் அக்கா குளிக்கப் போயிருந்தபோது அவள் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். அவர் குரலைத் தொலைபேசியில் கேட்பது இதுதான் முதல் தடவை.

"பிரஷர் மாத்திரையை மேஜை மேலயே விட்டுட்டுப் போயிட்டா. அங்க வாங்கிக் குடுக்கறீங்களா?"

"சரிங்க."

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. வைத்துவிட்டார் என்று நினைத்தேன். "எனக்கு எதிர்ல ஆளு இருந்தா பேச வராதுங்க. நடுவுல கதவு இருந்துச்சு, அன்னிக்கு வந்துடுச்சு. அவகிட்ட இதைச் சொல்லணும்னுதான் இருக்கேன். வர மாட்டேங்குது."

அக்காவிடம் சொல்லவில்லை. மாத்திரையை மட்டும் வாங்கி வந்து வைத்தேன். ஞாபகமாக வாங்கினேன் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானம் மீன்கள் அடித்துக்கொண்டன. என் மீன்தான். புதிதாக வந்ததைச் சுற்றிச் சுற்றித் துரத்தி, வாலைக் கிழித்துவிட்டது. கடைக்காரியைக் கூப்பிட்டேன். "வந்ததை விடுங்க, ஏற்கெனவே இருக்கறதைப் பிடிச்சு ஓட்டைக் கூடைல போட்டுத் தண்ணிலயே மிதக்க விடுங்க. வீடு தன்னோடதுன்னு இருக்கற திமிர் இறங்கட்டும்" என்றாள். காய் கழுவும் கூடையைக் கழுவி எடுத்து, ஆளுக்கொரு பக்கம் கையை விட்டு, கூடம் முழுக்க உப்புத் தண்ணீராக்கி, ஒருவழியாகப் பிடித்தோம். தரையிலேயே உட்கார்ந்து சிரித்தோம்.

சிரித்து முடித்து அக்கா சொன்னாள். "உன்கிட்ட முன்னாடியே ஏன் சொல்லலன்னுதானே போனை எடுக்க மாட்டேங்கற? சொல்லியிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்ப. நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன். அதான்."

நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"வந்துடட்டுமா பொடிசு? இங்கயே இருந்துடறேன்."

இதற்காகத்தானே இத்தனை நாள் — அவள் செருப்பு வாசலில் கிடக்க வேண்டும், அவள் இருமல் அடுத்த அறையில் கேட்க வேண்டும். வா என்று ஒரு எழுத்து சொன்னால் போதும். சொல்லு, சொல்லித் தொலையேன் என்று உள்ளே அடித்துக்கொள்கிறது.

"காலைல அவர் போன் பண்ணார்க்கா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை, கதவு, எல்லாம். ஒரு வார்த்தை விடாமல்.

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவரைக் கூப்பிட்டாள். நான் தரையைத் துடைத்து முடித்தேன். உள்ளே அக்கா குரலே கேட்கவில்லை. ரொம்ப நேரம் கேட்கவில்லை. அப்படியென்றால் அந்தப் பக்கம் அவர்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

ஏப்ரல் 22, திங்கள்

அக்காவை ரயிலேற்றிவிட்டு வேலைக்குப் போனேன். மெழுகில் பல்லை வரிசையாக வைக்கும்போது கண் மறைத்தது. தூசி என்றேன். பக்கத்து மேஜைக்காரர் தன் விசிறியை என் பக்கம் திருப்பிவைத்தார்.

ஏப்ரல் 23, செவ்வாய்

வெள்ளை விரிப்பை மடித்து வைத்தேன்.

ஏப்ரல் 29, திங்கள்

என் மீனைக் கூடையிலிருந்து விட்டேன். துரத்தியது. கொஞ்ச நேரத்தில் புதியது உடம்பைச் சாய்த்து, வெடவெடவென்று நடுங்கிக் காட்டியது. வலிப்பு என்று பயந்து கடைக்குப் போன் போட்டேன்.

"நல்ல சேதிங்க. நீதான் பெரியவ, ஒத்துக்கறேன்னு சொல்லுது. இனிமே அடிக்காது. இந்த ஜாதில எல்லாமே ஆணாத்தான் பொறக்கும், பெரிசு பொண்ணா மாறிடும், பாருங்க."

அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். நானாகக் கூப்பிட்டேன். அவள் சிரித்துவிட்டு, "இரு, இவருக்கும் சொல்றேன்" என்றாள். பின்னால் "ம்" என்று கேட்டது. பிறகு, "நடுங்கினா விட்டுடுமா? எனக்கு இது தெரியாமப் போச்சே" என்று கேட்டது. போனுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் வைத்த பிறகு வீடு முன்னைவிட அமைதியாக இருந்தது.

மே 12, ஞாயிறு

தண்ணீர் மாற்றினேன். துணி துவைத்தேன். யாரும் வரவில்லை. மோசமான நாள் என்று சொல்ல முடியாது.

ஜூன் 8, சனி

அக்கா வீட்டிலிருந்து எழுதுகிறேன். அத்தான் ரயில் நிலையத்துக்கு வந்திருந்தார். வழி முழுக்கப் பேசவில்லை. ஆனால் பெட்டியை என்னைத் தூக்கவே விடவில்லை. வீடு சின்னது. சமையலறையில் அவர் வெங்காயம் உரிக்க, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அக்கா அடுப்பில் நிற்கிறாள். முகம் தெரியாததால் அவர் நன்றாகவே பேசுகிறார். இது அவள் கண்டுபிடித்த வழியாம். எனக்கும் ஒரு ஸ்டூல் போட்டார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, எழுத வேண்டும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

"புதன்கிழமை வரைக்கும் இருந்துட்டுப் போயேன்" என்றாள் அக்கா.

"நாளைக்கே டிக்கெட் போட்டாச்சு."

"அப்படி என்ன அவசரம்?" இது அத்தான். நேராக என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார்.

"வீட்ல ஆளுங்க இருக்காங்க" என்றேன்.

இருவரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.