குடைத்துணிப் போர்வை

புறக்கோட்டை, கொழும்பு
4.1.2004

அன்புள்ள சுகந்திக்கு,

நான் நலம். நீயும் என் அப்பாவும் நலமென்று நம்புகிறேன்.

அடுத்த மாதத் தொடக்கத்தில் ஹஸன் முதலாளி கடை ஆட்கள் எல்லாரையும் பாவா ஆதம் மலைக்கு, நம் சிவனொளிபாதமலைக்குத்தான், கூட்டிப் போகிறார். அடிவாரத்தில் கூடாரம் போட்டுத் தங்குவதாம். மனுஷனுக்கு அதில் ஒரு பைத்தியம். அவரிடம் லண்டனிலிருந்து வந்த போர்வை ஒன்று இருக்கிறது. உள்ளே வாத்தின் நெஞ்சுத் தூவி, பஞ்சு போன்ற குட்டி இறகு. சுருட்டினால் ஒரு ரொட்டி அளவுதான். முதுகுப் பக்கம் திறந்திருக்கும், கால் பக்கம் மட்டும் பை போல மூடியிருக்கும். மேல்துணியையும் கீழ்த்துணியையும் ஒட்டித் தைத்தால் தையல் ஓடிய இடமெல்லாம் குளிர் ஏறுமாம், அதனால் உள்ளே சின்னச் சின்ன அறைகளாகச் சுவர் வைத்துத் தைத்திருக்கிறது.

மற்றவர்கள் ஆளுக்கொன்று தேடிப் பிடித்துவிட்டார்கள். நான் மட்டும் கம்பளியைச் சுமந்து போனால் தேயிலைத் தோட்டத்து ஆள் என்று தெரிந்துவிடும். இரத்தினபுரி டவுன்காரன் என்றுதான் இங்கே சொல்லி வைத்திருக்கிறேன், உனக்குத் தெரியும். நீ தலையணை உறை தைப்பவள்தானே, இதையும் முயன்று பாரேன். படம் வரைந்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. எங்கள் வான் வண்டி இரத்தினபுரி பஸ் ஸ்டாண்டில் தேத்தண்ணிக்கு நிற்கும். நீயோ அப்பாவோ அங்கே வர வேண்டாம். பஜாரில் கடை வைத்திருக்கும் உன் தோழி றுகையாவின் கணவரிடம் போர்வையைக் கொடுத்தனுப்பு. கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
கிருஷ்ணராஜ்


மேற்கணக்கு, நிவித்திகல
26.1.2004

அன்புள்ள மச்சானுக்கு,

நானும் மாமாவும் சுகம். மழைதான் விட்டபாடில்லை.

உங்கள் போர்வை ஒருவழியாக முடிந்தது. தலையணை உறை தைக்கிற பெண்டாட்டியிடம் லண்டன் போர்வை கேட்ட புருஷன் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். றுகையா வீட்டுக் கல்யாணத்துக்கு வாத்து அறுத்தபோது நெஞ்சுத் தூவியையெல்லாம் எனக்காக எடுத்து வைத்தாள். கழுவி அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைத்தேன். லயத்தில் வரிசை வீட்டார் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

முதலில் மெல்லிய சீத்தைத் துணியில் தைத்தேன். ஒரு உதறு உதறினேன், வீடு முழுக்கத் தூவி. உட்கார்ந்து அழுதுவிட்டேன். றுகையாதான் சொன்னாள்: "மழத்தண்ணி போகாத துணின்டா எறகும் வராது தானே. கொடத்துணி எடுங்க." அவர்கள் கடையில் உடைந்து கிடந்த குடைகளைத் தந்து, மெஷினையும் விட்டுத் தந்தாள். அறைச் சுவருக்குக் கொசுவலையைக் கீறிக்கொண்டேன். தூவியை அடைக்கும்போது பறந்துவிடாமல் இன்னொரு கொசுவலைக்குள் உட்கார்ந்துகொண்டேன். தலையெல்லாம் வெள்ளையாக வெளியே வந்ததைப் பார்த்து மாமா சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

ஊசி கொஞ்சம் தடிப்பு. அது போட்ட ஓட்டைகளில் மெழுகுதிரியைத் தேய்த்திருக்கிறேன். அதையும் மீறித் தூவி வெளியே வந்தால் மன்னியுங்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு வரமாட்டோம். நீங்கள் சொல்வதற்கு முன்பே தெரியும்.

சுகந்தினி


புறக்கோட்டை
9.2.2004

சுகந்திக்கு,

போர்வை சூடாகத்தான் இருந்தது, அதை இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் காலையில் கூடாரமெல்லாம் தூவி. முதலாளியின் தேத்தண்ணிக் கோப்பையில் ஒன்று மிதந்தது. என்னை "வாத்து" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அதையாவது பொறுத்துக்கொள்வேன்.

பனியில் ஈரமாகிவிட்டதென்று போர்வையின் உள்பக்கம் வெளியே தெரியும்படி கயிற்றில் போட்டேன். பார்த்தால் நடுவில் வெள்ளைப் பெயின்ட்டில் கொட்டை எழுத்து: "அழகமுத்து, மேற்கணக்கு". ஆள் பெயர் போதாதென்று தோட்டப் பிரிவின் பெயரும். என்னோடு கடையில் வேலை செய்யும் நஜீப் சத்தமாக வாசித்தான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "அழகமுத்து யாரு?" என்று ஒருவன் கேட்டான். "தெரியாது, பேவ்மன்டுக் கடையில் பழசாக வாங்கியது" என்று சொல்லிவிட்டேன். முதலாளி எழுந்து போய் எழுத்து உள்ளே போகும்படி போர்வையைத் திருப்பிப் போட்டார். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ஏன் இப்படிச் செய்தாய்? போர்வையைத் திருப்பி அனுப்புகிறேன். அந்தத் துண்டைப் பிரித்து எடுத்துவிடு.

கிருஷ்ணராஜ்


மேற்கணக்கு
15.2.2004

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை மாமாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. இந்த வீட்டில் நான் மறைத்த முதல் கடிதம் அதுதான்.

போர்வையில் ஒரு துண்டுக்குக் குடைத்துணி போதவில்லை. மாமா தன் குடையை எடுத்து வந்து, நான் தடுக்கத் தடுக்கக் கம்பிகளைக் கழற்றித் தந்தார். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் எல்லாக் குடையும் கறுப்புதான், பெயர் எழுதாவிட்டால் மாறிப்போகும். நாமெல்லாரும் எழுதுவதுதானே, எனக்கு வித்தியாசமாகவே படவில்லை. வெளியே தெரியக் கூடாதென்று உள்ளே, உங்கள் நெஞ்சு படும் இடத்தில் வைத்தேன். அது என் புத்திகெட்டத்தனம்.

மாமா அன்றிலிருந்து தலையில் உரச்சாக்கைப் போட்டுக்கொண்டு காவலுக்குப் போகிறார். கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எம் மவன் மலையில என் கொடைக்குள்ளதாங்க படுத்திருந்தான்" என்று சொல்கிறார். "புள்ளைக்குக் குளுருச்சாம்மா?" என்று தினமும் கேட்கிறார். இல்லை மாமா, நன்றாகத் தூங்கினாராம் என்கிறேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

போர்வை வந்து சேர்ந்தது. ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு வெட்கம் என் தையலாலா, மாமாவின் பெயராலா? தையலால் என்றால் அது என் வெட்கம், எத்தனை தடவையானாலும் பிரித்துத் தைக்கிறேன். பெயரால் என்றால் அதைப் பிரிக்க எனக்குக் கை வராது. நீங்களே வந்து பிரியுங்கள்.

சுகந்தினி


புறக்கோட்டை
24.2.2004

அன்புள்ள சுகந்திக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்து வாசித்தேன். சாக்கு என்று எழுதியிருந்த இடத்தைத் தாண்டி அப்போது வாசிக்க முடியவில்லை. நஜீப் பக்கத்தில் ஆணிகளை நிறுத்துக்கொண்டிருந்தான். "நஜீப், அழகமுத்து எங்க அப்பா" என்றேன்.

அவன் தலையைக்கூடத் தூக்கவில்லை. "தெரியும் தானே மச்சான். மலைக்குப் போற வழியில செக் பொயின்ட்ல எல்லாருட அடையாள அட்டையையும் நான்தானே வாங்கிக் காட்டின. ஒன்ட பேருக்கு முன்னால அந்தப் பேர் இரிக்கி. மொதலாளிக்கும் தெரியும். நீ பழசு வாங்கினன்டு சொன்னதும் அவர் மொகம் என்னமோ மாதிரி போயிட்டு. அதுதான் எழும்பிப் போய்த் திருப்பிப் போட்டார்" என்றான்.

நான் தோட்டத்து ஆள் என்பதும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே என் பேச்சில் தெரியுமாம். நான் மறைப்பது தெரிந்து, எனக்காக அவர்கள் தெரியாததுபோல் இருந்திருக்கிறார்கள். முதலாளி அன்று என் மானத்தைக் காப்பாற்றவில்லை, சுகந்தி. மகன் தெரியாதென்று சொன்ன பெயரை மற்றவர்கள் பார்க்காமல் மூடி, அப்பாவின் மானத்தைத்தான் காப்பாற்றினார். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

உன் தையலில் குறையில்லை. எதையும் பிரிக்காதே.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நஜீபும் வருகிறான். நீயும் அப்பாவும் இரத்தினபுரி பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். மழை பெய்தால் அப்பா சாக்கைப் போட்டுக்கொண்டே வரட்டும், அந்தக் கோலத்திலேயே அவர் பக்கத்தில் நான் நிற்க வேண்டும். புதுக் குடையும் ஒரு டின் வெள்ளைப் பெயின்ட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். அதில் பெயரை நான் எழுதுகிறேன்.

வெட்கத்துடன்,
அழகமுத்து கிருஷ்ணராஜ்