ஒன்பது மில்லிமீட்டர் எவரெஸ்ட்

நடந்தது எதுவோ அதை மட்டும், கூட்டாமல் குறைக்காமல், இந்த மடலில் எழுதப் போகிறேன். என் பக்கம் நல்லதாகத் தெரியவேண்டும் என்று ஒரு வரியைக்கூட வளைக்க மாட்டேன். இப்படி முதலிலேயே எழுதி வைத்துவிட்டால் நடுவில் பயந்து நிறுத்த முடியாது.

சனிக்கிழமை காலை எட்டு நாற்பது. நம் பள்ளி மண்டபத்தில், மேடைக்கு இடப்பக்கம், நம் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். கண்காட்சி பத்து மணிக்கு. உன் அம்மா ஒன்பதரைக்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார். என் மடியில் ஒரு பழைய பிஸ்கட் டின். சற்றுமுன் மூடியைத் திறந்தேன். மரவள்ளி மாவுப் பசையும் ஊறிய செய்தித்தாளும் சேர்ந்து புளித்த வாடை மேலே வந்தது. இந்தப் பலகையைச் செய்த இரண்டு மாதமும் உன் விரல்களில் இருந்த வாடை. மூடிவிட்டேன். மறுபடி திறந்தேன். இதோடு ஆறு முறை ஆயிற்று.

டின்னுக்குள் பத்துச் சிகரங்கள் இருக்கின்றன. நீ செய்தவை. வெட்டியது நான்.

நீ போய் ஆறு வாரம் ஆகிறது. இந்த ஆறு வாரத்தில் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

நம் மலை தொடங்கியது ரயிலில்தான், நினைவிருக்கிறதா? பிரிக்ஃபீல்ட்ஸ் பழைய புத்தகக் கடையில் முதுகு கிழிந்த அந்தப் பெரிய அட்லஸைக் கண்டுபிடித்து, கிள்ளானுக்குத் திரும்பும் கொமுட்டர் ரயிலில் இரண்டு பேர் முழங்காலிலும் விரித்து வைத்துக்கொண்டோம். நீ உன் இயர்ஃபோன் வயரை எடுத்து இமயமலை மேல் வைத்து அளந்தாய். மேற்கே நங்க பர்வதத்தில் ஒரு முனையை நான் விரலால் அழுத்திப் பிடித்தேன். கிழக்கே நம்சா பர்வா வரைக்கும் நீ வயரை வளைத்துக்கொண்டே போனாய்.

"நேரா இல்லடி, பாரு. வில்லு மாதிரி தொங்குது."

எதிரே உட்கார்ந்திருந்த ஆன்டி ஒருவர் குனிந்து பார்த்தார். "என்னாமா, பிளவுஸுக்கு அளவா?"

"ஆமா ஆன்டி, இமயமலைக்கு. கொஞ்சம் பெரிய சைஸ்."

அவர் சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. நீயோ வயரில் பல்லால் அடையாளம் வைத்துக்கொண்டிருந்தாய்.

இரண்டாயிரத்து நானூறு கிலோமீட்டர். அப்பா போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுகிறவர் என்பதால் கொள்கலன்களில் அடைத்து வரும் பலகை ஒன்று எட்டடி நீளத்தில் கிடைத்தது. ஒரு செண்டிமீட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் என்று வைத்தால் மலைத்தொடர் பலகையின் நுனிக்கு நுனி சரியாக வந்தது. அதை நான் கண்டுபிடித்தபோது நீ என் முதுகில் தட்டிய தட்டு இரண்டு நாள் வலித்தது.

தெற்கே தாழ்வாகச் சிவாலிக், நடுவில் சிறிய இமயம், வடக்கே பெரிய இமயம் என்று மூன்று வரிசை போட்டோம். எட்டாயிரம் மீட்டரைத் தாண்டும் சிகரங்கள் இமயத்தில் பத்து. கே-டூவையும் வைக்கவேண்டும் என்று நீ அடம் பிடித்தாய். அது காரகோரம், வேறு தொடர் என்று நான் சொன்னேன். "உலகத்திலே ரெண்டாவது பெருசை வெளியே நிக்க வைக்கிறே. நீ செக்யூரிட்டி கார்ட் வேலைக்குப் போகலாம் லா" என்றாய். ஆனால் விட்டுக்கொடுத்தாய். ஒவ்வொரு சிகரத்தையும் ஓர் ஆளாக்கியதும் நீதான். அன்னபூர்ணா, இடியாப்பக் கடை வைத்திருக்கும் உன் அம்மா. "காலையிலே எத்தனை பேருக்குப் புத்து மாயம் பிழியுறாங்க, வேற யாரு?" எவரெஸ்ட் நான். எவரெஸ்டின் தோளில் ஒட்டிக்கொண்டிருக்கும் லோட்சே நீ. லோட்சே என்றால் தெற்குச் சிகரம் என்று நான் படித்துச் சொன்னேன். "பேரு கூட பக்கத்து வீட்டைப் பார்த்து வச்சதா? எனக்குச் சரியா வரும்" என்று சிரித்தாய்.

ஒன்பது ஐந்து. டீச்சர் வந்து நம் பலகைக்கு முன்னால் அச்சடித்த அட்டையை நிற்க வைத்துவிட்டுப் போனார். முதல் வரியில் நம் இருவர் பெயர். உன் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போட்டிருக்கிறார்கள். பதினைந்து வயதுக்கு அந்தச் சொல் பொருந்தவே இல்லை. அதற்குக் கீழே: "முதலில் செய்த சிகரங்கள் மழைநீரால் சேதமடைந்தன." அந்த வரியைத்தான் இவ்வளவு நேரமாகப் பார்க்காமல் இருக்க முயல்கிறேன்.

சண்டையை எழுதுகிறேன்.

நீ எவரெஸ்டை அரைச் சாண் உயரத்துக்குச் செய்தாய். கூர்மையாக, வெள்ளையாக, எழுந்து நின்றது. மற்ற ஒன்பதும் அதன் இரு பக்கமும். பார்த்தவர்கள் எல்லாம் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். நான் வீட்டில் கணக்குப் போட்டேன். நம் அளவுப்படி எவரெஸ்ட் எண்ணாயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்பது மீட்டர் என்றால் ஒன்பது மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நம் கினபாலு மலை நான்கு மில்லிமீட்டர். மறுநாள் உன்னிடம் வந்து, இது முழுக்கப் பொய் என்றேன்.

"ஒன்பது மில்லியா? சுண்டு விரல் நகம்டி அது!"

"அதுதான் உண்மை. அகலத்துக்கு ஒரு அளவு, உயரத்துக்கு வேற அளவு வைக்கக்கூடாது."

"எல்லா மேப்புலயும் வைக்கிறாங்க. டீச்சரே சொன்னாங்க."

"அவங்க செஞ்சா நாமளும் செய்யணுமா?"

"அப்படியே செஞ்சா சப்பாத்தி மாதிரி இருக்கும். யாரு வந்து பார்ப்பா? உன் மலையைத் தேடுறதுக்கே டார்ச் வேணும் லா."

பக்கத்து மேசைக்காரிகள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, கணக்கை அல்ல. இதையும் உண்மையாக எழுதிவிடுகிறேன். நான் உன்னைப் பார்த்து, "படிக்கிறவங்களுக்குத்தான் இது புரியும்" என்றேன். நீ பசைக் கையைத் துடைத்துக்கொண்டாய். "சரி. நீ எப்பவும் எவரெஸ்ட். நான் லோட்சே" என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போய்விட்டாய்.

அந்த வெள்ளிக்கிழமை, வகுப்புக்குப் பிறகான புறப்பாட நடவடிக்கை முடிந்து எல்லாரும் போன பிறகு, பட்டறையிலிருந்து இரும்பறுக்கும் வாள் எடுத்து வந்து பத்தையும் அறுத்து இந்த டின்னில் போட்டுக்கொண்டேன். லோட்சேயை அறுக்கும்போது கை நடுங்கியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. நடுங்கவில்லை. சாயங்காலம் பெரிய மழை. பலகை இருந்த பொருளறையில் கூரை ஒழுகுவது எல்லாருக்கும் தெரியும். திங்கட்கிழமை டீச்சரிடம், மழையில் ஊறி விழுந்துவிட்டன, குப்பையில் போட்டுவிட்டேன் என்றேன்.

நீ குனிந்து பார்த்தாய். எவரெஸ்ட் இருந்த இடத்தில் விரலை வைத்து ஓட்டினாய். அறுத்த இடம் கண்ணாடி போல் தட்டையாக இருந்தது. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி என் பக்கம் திரும்பி, "மழை இவ்வளவு நேரா வெட்டுமா?" என்றாய். பிறகு நிமிர்ந்து, "ஆமா டீச்சர், மழைதான்" என்றாய்.

அதற்குப் பிறகு எட்டு நாள் நீ என்னுடன் பேசவில்லை. ஆனால் தினமும் வந்தாய். நான் மேற்கு முனையிலிருந்து ஊசியும் அளவுகோலும் வைத்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராக உண்மையான உயரத்தை ஏற்றிக்கொண்டு வந்தேன். நீ கிழக்கு முனையில் உட்கார்ந்து நீலச் சாயத்தில் பிரம்மபுத்திராவைத் தீட்டினாய். சிந்துவும் பிரம்மபுத்திராவும் கைலாசத்துப் பக்கம் அருகருகே பிறந்து, ஒன்று மேற்கே, ஒன்று கிழக்கே ஓடி, முழு மலையையும் சுற்றிக்கொண்டு வெவ்வேறு கடலில் விழுகின்றன. நாம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம், இடையில் எட்டடி.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் உன் செய்தி வந்தது. "ஏய், உன்கிட்ட பெரிய டார்ச் இருக்கா? மலைக்கு."

கேலி என்று நினைத்தேன். என் மலையைத் தேட டார்ச் வேண்டும் என்று மறுபடி குத்துகிறாய் என்று நினைத்தேன். படித்துவிட்டேன் என்பதைக் காட்டும் இரண்டு நீலக் கோடுகளை மட்டும் உனக்கு விட்டுவிட்டு, பதில் போடவில்லை. மறுநாள் நீ வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். பிறகு டெங்கி என்றார்கள். அடுத்த வாரம் அசெம்பிளியில் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள்.

இந்த ஆறு வாரமும் காலையில் கிள்ளான் நிலையத்துக்கு வெளியே உன் அம்மாவின் கடையைத் தாண்டித்தான் வருகிறேன். அவர் என்னைத் தாண்ட விடுவதில்லை. "வா பிள்ள, சாப்பிட்டுப் போ" என்று புத்து மாயமும் தேங்காய்ப்பூவும் கையில் திணிப்பார். ஒவ்வொரு தடவையும் ஒன்றையே சொல்வார்: "அந்த மழைதான்மா. மலையையும் கொண்டுபோச்சு, அவளையும் கொண்டுபோச்சு. திருப்பிச் செய்யணும்னு அந்த ஈர ரூமிலேயே உட்கார்ந்திருந்தா." நான் தலையாட்டிக்கொண்டு தின்பேன். அவர் திட்டிக்கொண்டிருக்கும் அந்த மழைக்கு உன் மலை விஷயத்தில் எந்தப் பங்கும் இல்லை.

ஒன்பது இருபத்தெட்டு. உன் அம்மா வாசலில் வந்துவிட்டார். மஞ்சள் சுடிதார். டின்னை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கிறேன்.

ஒன்பது ஐம்பது. சொல்லிவிட்டேன்.

வேகமாக எழுதுகிறேன். உன் அம்மா முதலில் பலகையைத்தான் பார்த்தார். பலகை முழுக்க வெள்ளை. மண்டபத்தின் குழல்விளக்குகள் நேராக மேலே இருப்பதால் ஒரு மேடும் தெரியவில்லை. நீ சொன்ன அதே சப்பாத்தி. "எங்கேம்மா மலை?" என்று கேட்டார். நான் டின்னைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன்.

"ஆன்டி, மழை இல்ல. நான்தான் அறுத்தேன். அவளுக்குத் தெரியும்."

அவர் ஒரு சிகரத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அறுத்த பக்கத்தைக் கட்டை விரலால் தடவினார். நீ தடவின மாதிரியே.

"என்கிட்டேயும் மழைன்னுதான் சொன்னா. வீட்டுலகூட உன்னைக் காட்டிக் கொடுக்கல."

அவர் அந்தச் சிகரத்தை டின்னுக்குள் திரும்ப வைத்தார்.

"இத்தனை நாளா என் கையால வாங்கிச் சாப்பிட்டியே. வாய் திறந்து சொல்ல முடியல?"

"பயமா இருந்துச்சு ஆன்டி."

"பயமா இருக்கணும்." அவர் குரல் உயரவில்லை. "இதை நான் இன்னிக்கு மன்னிச்சிட்டேன்னு சொன்னா அது பொய். சொல்ல மாட்டேன்."

பிறகு டின்னுக்குள் பார்த்துக்கொண்டே கேட்டார். "இதுல அன்னபூர்ணா எது?"

எடுத்துக் கொடுத்தேன். கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். நின்றார். அதனால் மிச்சத்தையும் சொன்னேன், உன் கடைசிச் செய்தியை, நான் பதில் போடாததை. கைப்பேசியை எடுத்துக் காட்டினேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். அப்போதுதான் அவர் முகம் மாறியது.

"டார்ச்சா? ஐயோ, இது கேலி இல்லம்மா. அன்னிக்குக் காலையிலே மாவு சலிச்சுத் தட்டுல பரப்பி வச்சிருந்தேன். இவ வந்து விரலால கோடு கோடா இழுத்து வச்சா. என் மாவைக் கெடுக்காதடின்னு கத்துறேன், இவ லைட்டை அடைச்சிட்டு, டார்ச்சைத் தட்டுக்குப் பக்கத்துல தரையோட தரையா வச்சு அடிக்கிறா. அம்மா பாரு, மலை வந்துருச்சுன்னு குதிக்கிறா. நிஜமாவே மலைதான். ஒரு அரிசி உயரம்கூட இல்ல, அது நிழல் இவ்வளவு நீளம் விழுது."

நான் பலகையின் மேற்கு நுனியில் குனிந்து, கைப்பேசி விளக்கைப் பலகையோடு ஒட்டி வைத்தேன். வெளிச்சம் அதிகமாக இருந்ததால் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. ஆனால் நங்க பர்வதத்துக்குப் பின்னால், மிக மெலிதாக, சாம்பல் நிறத்தில் ஒரு நகக்கீறல் விழுந்தது.

அந்த எட்டு நாளும் நீ என்மேல் கோபமாக மட்டும் இருந்தாய் என்று நினைத்திருந்தேன். நீ என் ஒன்பது மில்லிமீட்டரை ஏற்றுக்கொண்டு, அதை மற்றவர்கள் கண்ணுக்கு எப்படிக் காட்டுவது என்று யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறாய்.

டீச்சரிடமும் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன், அறுத்ததையும் டார்ச்சையும் ஒரே மூச்சில். எதற்கு முதலில் கோபப்படுவது என்று தெரியாமல் அவர் என்னைப் பார்த்தார். "திங்கட்கிழமை என் ரூமுக்கு வா" என்றார். பிறகு, "எவ்வளவு பெரிய டார்ச் வேணும்?" என்றார். பள்ளிக் காவலர் பாக் சிக்கிடம் பெரிய டார்ச் இருக்கிறது. அவர் அதை எடுத்துவரப் போயிருக்கிறார். நான் அட்டையை எடுத்து மழை வரியைப் பேனாவால் அடித்தேன். "சிகரங்களை அறுத்தது நான். வெளிச்சத்தைக் கண்டுபிடித்தது அவள்" என்று கையால் எழுதினேன். 'அமரர்' என்பதையும் அடித்துவிட்டேன். அதற்கும் திங்கட்கிழமை திட்டு விழும்.

ஒன்பது ஐம்பத்தேழு. வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பிள்ளைகள் ஜன்னல் திரைகளை ஒவ்வொன்றாக இழுக்கிறார்கள். உன் அம்மா கிழக்கு முனையில், நீ உட்கார்ந்த அதே நாற்காலியில் இருக்கிறார். என்னைப் பார்க்கவில்லை, பிரம்மபுத்திராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எட்டுச் சிகரங்களை டின்னோடு பலகைக்கு அருகில் வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் அறுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்க்கட்டும். லோட்சேயை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. என் பினஃபோர் சீருடைப் பையில் இருக்கிறது. ஓரம் தொடையில் குத்துகிறது. குத்தட்டும்.

பாக் சிக் டார்ச்சை என் கையில் வைத்துவிட்டுச் சுவிட்ச் பலகைக்குப் போகிறார். நல்ல கனம். நீ கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன், ஏழு வாரம் தாமதமாக: இருக்கிறது. பெரியதாகவே இருக்கிறது. மலைக்குத்தான்.

இனி எழுத்துத் தெரியாது. விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.