மெதுவாக விழுந்தவள்

ஜனவரி 12, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாயிற்று. வலது முட்டிக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது. ஒரு தகடும் வரிசையாகத் திருகாணிகளும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "வேலை நல்லாத்தான் பண்ணியிருக்கார். கடைசி ஸ்க்ரூ மட்டும் கொஞ்சம் கோணல்" என்றார். டாக்டரும் சேர்ந்து சிரித்தார். கால் என்னுடையது என்பது இருவருக்குமே மறந்துவிட்டது.

ஃப்ரிட்ஜின் மேல் ஒரு கோப்பை இருக்கிறது. மண் பாதை பைக் பந்தயத்தில் மூன்றாம் பரிசு, இவருக்கு. கடைசிச் சுற்றில் இவருக்கு முன்னால் நான்தான் போய்க்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் சேர்த்து அதுதான் முதல் தடவை. பெரிய மேட்டில் நான் விழுந்தேன், இவர் என்னைத் தாண்டிப் போய்க் கோப்பை வாங்கிக்கொண்டு வந்தார்.

ஏன் நிற்கவில்லை என்று இன்றைக்குத்தான் கேட்டேன்.

"மஞ்சக் கொடி ஆட்டிட்டு இருந்தாங்க. ஆளுங்க ஓடி வந்துட்டு இருந்தாங்க. நான் நின்னு என்ன பண்ணப் போறேன், வேடிக்கை பாக்கவா?"

நியாயம்தான். எல்லாவற்றுக்கும் ஒரு நியாயம் வைத்திருக்கிற மனுஷனோடு குடித்தனம் நடத்துவதுதான் பெரிய பாடு.

ஜனவரி 15, வியாழன்

கிளப்பிலிருந்து ஒரு கூட்டமே வந்தது. முன்னால் தலைவர், பின்னால் பட்டாளம். தலைவரை எல்லோரும் பீரங்கி என்றுதான் கூப்பிடுவோம். அவர் காதோடு ரகசியம் சொன்னால் தெருமுனையில் கேட்கும்.

"எப்படிம்மா விழுந்தே?" என்று என்னைத்தான் கேட்டார். பதில் இவரிடமிருந்து வந்தது.

"மெதுவாத்தான் சார் போயிட்டு இருந்தா. நிக்கிற வண்டி சாயுற மாதிரி சாஞ்சா. இதுக்குப் போய் எலும்பு உடையும்னு யார் கண்டா?"

மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருந்தேன். மேட்டுக்கு மேலே இரண்டு சக்கரமும் காற்றில் இருந்தன. இறங்கும்போது முன்சக்கரம் கல்லின் விளிம்பில் பட்டுத் திரும்பியது. எனக்கு முன்னால் ஹேண்டில்பார்தான் தரையில் மோதியது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சொல்ல வாய் எடுத்தேன், அதற்குள் அத்தை காபி கொண்டுவந்துவிட்டார். கூடவே, "மெதுவா போனப்பவே இந்த கதின்னா வேகமா போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று எல்லோர் காதிலும் போட்டார். பாவம், அவருக்கு மகன் சொன்னதுதான் வேதம்.

ஜனவரி 18, ஞாயிறு

இவர் பயிற்சிக்குப் போய்விட்டார். அத்தை மார்க்கெட்டுக்கு.

"எல்லாம் கைக்கு எட்டுற தூரத்துல வெச்சிருக்கேன்" என்று இவர் சொல்லிவிட்டுத்தான் போனார். உண்மைதான். தண்ணீர், மணி, ரிமோட் எல்லாம் ஜன்னல் பக்கத்து மேஜையில். அந்தப் பக்கம் திரும்ப வேண்டுமானால் கட்டுப் போட்ட காலைத் தூக்க வேண்டும். அத்தை வரும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஜன்னல் வழியாகப் பார்த்தால் கீழே ஷெட் தெரியும். இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இன்றைக்கு என் வண்டி ஏதோ மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, கிளட்ச் லீவர் இல்லை.

"நீ இப்ப ஓட்டப் போறதில்லையே" என்றார், அதைத் தன் வண்டியில் மாட்டிக்கொண்டவர்.

கிளப்பில் இது வழக்கம்தான். அடிபட்டுப் படுத்தவன் வண்டி ஊருக்கே கடை. யாருக்கு எது தேவையோ கழற்றிக்கொள்ளலாம், ஆள் எழுந்து வந்ததும் திருப்பி மாட்ட வேண்டும். நானும் ஒருத்தன் தோளை உடைத்துக்கொண்டு கிடந்தபோது அவன் வண்டி சீட்டைக் கழற்றியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே கழற்றினேன். இப்போது அந்தச் சிரிப்பு ஞாபகம் வருகிறது.

மார்ச் 4, புதன்

பிசியோ பெண் என் தோள் உயரம்கூட இருக்கமாட்டாள். கைகளில் மட்டும் எங்கிருந்து அவ்வளவு பலமோ! முட்டியை மடக்கி, நான் போதும் என்று சொன்ன இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறாள்.

"கத்துங்க, பரவாயில்ல. பக்கத்து ரூம்காரருக்குப் பழகிடுச்சு."

கத்தினேன். கெட்ட வார்த்தையும் வந்தது. அவள் முகம் மாறவில்லை. "உங்களை விட நேத்து வந்த டீச்சர் நல்லாத் திட்டினாங்க" என்றாள்.

எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. வலிக்கிறதா என்று கேட்டுவிட்டு, பதிலை நம்புகிற ஒரே ஆள் அவள்தான்.

மார்ச் 20, வெள்ளி

என் வண்டியின் செயினும் போய்விட்டது.

மே 2, சனி

கம்பு ஊன்றி நடக்கிறேன். கண்ணாடிக் கடையில் திரும்பச் சேர்ந்துவிட்டேன், லென்ஸ் தேய்க்கிற மேஜைக்கு முன்னால் ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நடக்கும்போது முட்டி 'டிக் டிக்' என்கிறது. டாக்டர் அப்படித்தான் இருக்கும் என்றார். நான் வருவது முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் கடையில் யாரும் என்னைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேச முடிவதில்லை.

போன வாரம் இவர் விழுந்து எழுந்தார். சிராய்ப்புதான். ஆனால் ஹேண்டில்பார் கோணிவிட்டது. புதிது வர நாளாகுமாம். மாலை ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தால், என் வண்டியின் பாரைக் கழற்றி வைஸ் இடுக்கியில் மாட்டி, நீளக் குழாய் ஒன்றைச் செருகி நிமிர்த்திக்கொண்டிருந்தார். அலுமினியம் முனகியது.

"அதை நிமிர்த்தாதீங்க. தூக்கிப் போடுங்க. தரையில மோதினது அதுதான்."

"லேசா ஒரு பக்கம் இறங்கியிருக்கு, அவ்வளவுதான்."

"அடிபட்டு வளைஞ்ச பாரை நிமிர்த்தி ஓட்டக்கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்."

குழாயை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கோபம்கூட இல்லை, சின்னக் குழந்தைக்கு எடுத்துச் சொல்கிற முகம்.

"பெரிய அடின்னாதான்மா அது. நீ விழுந்தது ஒரு விழுகையா?"

இந்த வார்த்தையை இதைவிட மோசமான இடங்களில் இதைவிட மோசமாகச் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு என்னவோ தாங்கவில்லை. என் காலில் இருக்கிற இரும்பை இவனுக்கு எடுத்துக் காட்டவா முடியும்? மாடிக்கு வந்து முகம் கழுவிக்கொண்டேன்.

மே 3, ஞாயிறு

பார் நேராகிவிட்டதாம், தன் வண்டியில் மாட்டிக்கொண்டார். நேராகத்தான் தெரிகிறது.

ஜூன் 26, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை போட்டி. என்னைப் பெரிய மேட்டில் கொடி பிடிக்கச் சொல்லியிருக்கிறார் பீரங்கி. அடிபட்டவர்களுக்குக் கிளப்பில் கிடைக்கிற பதவி அது.

இவர் வேலையிலிருந்து வர நேரமாகும் என்று, தன் வண்டியில் பாரைப் பிடித்திருக்கிற க்ளாம்ப்பின் போல்ட்டுகளை முடுக்கி வைக்கச் சொன்னார். முடுக்கினேன். நான்கையும் மாற்றி மாற்றி, சரியான அளவுக்கு. பிறகு வண்டியைத் தள்ளி நிறுத்தும்போது பாரை அழுத்தினேன். 'டிக்'. இன்னொரு தடவை அழுத்தினேன். 'டிக்'.

வந்ததும் சொன்னேன். "பார்ல ஒரு சத்தம் வருது. நீங்களே அழுத்திப் பாருங்க."

"அது உன் முட்டி" என்றார்.

அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கே லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் எரிச்சல். சாப்பாடு எடுத்து வைத்தேன். மூன்றாவது தடவை சொல்லவில்லை.

ஜூன் 28, ஞாயிறு

காலையில் இவர் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. "ஏதாவது சொல்லணுமா?" என்றுகூடக் கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? அது உன் முட்டி என்று இன்னொரு தடவை கேட்கப் பிடிக்கவில்லை. இவ்வளவுதானா காரணம்? இவ்வளவுதான்.

மேட்டுக்கு மேலே அழகாகத்தான் வந்தார். இறங்கும்போது பார் இரண்டாக முறிந்தது. ஒரு பாதி இவர் கையிலேயே இருந்தது, அதைப் பிடித்தபடியே தலைகுப்புறப் போனார்.

கொடி ஆட்ட வேண்டியவள் கொடியைப் போட்டுவிட்டு ஓடினேன். இந்த முட்டியை வைத்துக்கொண்டு எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. பின்னால் வந்தவன் என் மேல் ஏற்றாமல் தப்பியது அவன் சாமர்த்தியம். "கொடிய விட்டுட்டு ஓடறியே, உனக்கு அறிவிருக்கா?" என்று பீரங்கி கத்தினது மைதானம் முழுக்கக் கேட்டது. நான் இவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். நிஜமாகத்தான் அழுதேன்.

இரண்டு மணிக்கட்டும் உடைந்துவிட்டன. ஆம்புலன்ஸில் கண் திறந்து முதலில் கேட்டது, "வண்டி என்னாச்சு?"

ஜூன் 30, செவ்வாய்

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பீரங்கி இருந்தார். அவர் இருந்தால் கதவு சாத்தியும் பிரயோஜனமில்லை.

"என்னப்பா, பார் எப்படிப்பா முறிஞ்சுச்சு?"

"க்ளாம்ப்பை முடுக்கச் சொன்னேன் சார். சரியா முடுக்கல போல. அவளைச் சொல்லி என்ன, கவனமெல்லாம் அவ கால் மேலதான் இருக்கு."

மெல்லத்தான் சொன்னார். பெருந்தன்மையாகச் சொன்னார். என்னை மன்னிக்கிற குரலில் சொன்னார் படுபாவி.

எழுந்து உள்ளே போகவில்லை. வெளியே வந்த பீரங்கி என்னைப் பார்த்ததும் தரையைப் பார்த்தார். அவர் குரல் இறங்கி நான் கேட்டது இன்றைக்குத்தான். "வண்டியையும் உடைஞ்ச பாரையும் ஷெட்டுல கொண்டுவந்து போட்டுருக்கோம்மா" என்றார்.

ஜூலை 9, வியாழன்

இவர் வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு கையும் விரல் நுனிவரை கட்டு. நான் பிசைந்து ஊட்ட வேண்டும். பெரிய கவளமாக வைத்தால் கண்ணால் கெஞ்சுகிறார். சின்னதாக வைத்தால் "அடுத்தது, அடுத்தது" என்கிறார். மாத்திரைகளை மூன்றாம் பரிசுக் கோப்பையில் போட்டு வைத்திருக்கிறேன். அதற்காவது ஆகட்டும்.

வந்த ஒவ்வொருவரிடமும் க்ளாம்ப் கதை நடக்கிறது. அத்தை இப்போது அதையும் கற்றுக்கொண்டுவிட்டார்.

ஜூலை 11, சனி

ஷெட்டில் பார்த்தேன். க்ளாம்ப் நான் முடுக்கியது முடுக்கியபடியே இருக்கிறது, ஒரு போல்ட்கூட அசையவில்லை. பார் முறிந்தது க்ளாம்ப்புக்கு நான்கு விரல் தள்ளி. முறிந்த இடத்தைத் துணியால் துடைத்தேன். முக்கால்வாசி பழைய விரிசல், கறுத்துக் கிடக்கிறது, மண்ணும் எண்ணெயும் உள்ளே ஏறியிருக்கிறது. கால்வாசிதான் புதிதாகப் பளபளக்கிறது. அந்தக் கால்வாசியை நம்பித்தான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறார்.

மாடிக்கு எடுத்துப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவரால் வாங்கிப் பார்க்க முடியாது, அதனால் முகத்துக்கு நேராக நானே பிடித்துக்கொண்டேன். லிஃப்ட் மெக்கானிக்குக்கு உடைந்த உலோகத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கறுப்பைப் பார்த்தார். பளபளப்பைப் பார்த்தார். பிறகும் கறுப்பையே ரொம்ப நேரம் பார்த்தார். ஜனவரியில் நான் எப்படி விழுந்தேன் என்பதை ஒரு வார்த்தை பேசாமல் அது அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றார். "அன்னைக்குக் காலைல... உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் மெதுவா விழுந்தவளாச்சே."

பாரை மாத்திரைக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உலையைப் பார்க்கப் போனேன்.

ஜூலை 12, ஞாயிறு

பீரங்கி வந்தார். மேஜையில் இருந்ததை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் காபி குடித்துவிட்டுப் போனார். இவரும் இன்றைக்கு யாருக்கும் கதை சொல்லவில்லை.

ஜூலை 25, சனி

கிளட்ச் லீவரையும் செயினையும் இவர் வண்டியிலிருந்து கழற்றி என்னதில் மாட்டினேன். போட்டிக்கு முன்னால் இவர் ஆர்டர் கொடுத்திருந்த புது பாரும் இப்போதுதான் வந்து சேர்ந்தது. அதையும் என்னதிலேயே மாட்டிவிட்டேன். மேலே ஜன்னலில் இவர் நின்றிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன், பிப்ரவரியில் அவர் சொன்ன பதில்தான்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அத்தை தன் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், மாலைதான் வருவார்.

கிளம்பும்போது இவர், "நான் தனியா என்ன பண்ணுவேன்?" என்றார்.

"எல்லாம் கைக்கு எட்டுற தூரத்துல வெச்சிருக்கேன்" என்றேன். தண்ணீர், மணி, ரிமோட். இவர் கட்டுப் போட்ட இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு அவற்றையே பார்த்தார்.

டம்ளரில் ஸ்ட்ரா போடவில்லை என்பது கீழே வந்து வண்டியைக் கிளப்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்ப மாடி ஏற வேண்டும். இந்த முட்டியை இன்றைக்கு வேறு வேலைக்கு வைத்திருந்தேன்.

பெரிய மேட்டுக்கு ஓரமாகவே சுற்றினேன். கடைசியில் ஒரே ஒரு தடவை மேலே ஏறி இறங்கினேன். சக்கரம் தரையை விடவே இல்லை. இதைத்தான் மெதுவாகப் போவது என்பார்கள்.

மதியம் வீட்டுக்கு வந்தேன். டம்ளரில் தண்ணீர் வைத்தபடியே இருந்தது. இவர் உதட்டை நக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கும் தொண்டை வறண்டிருந்தது. எடுத்து முழுக்கக் குடித்துவிட்டு, இவருக்கு வேறு கொண்டுவரப் போனேன்.